கிட்டார் தனி வகுப்பு: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். இதுபோன்ற ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு கிட்டார் கற்க ஆசைப்படுபவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. ஒன்று யூடியூப். இன்னொன்று, பஸ்ஸோ ரயிலோ பிடித்து வேலூர் போய் வகுப்பில் சேர்வது. மூன்றாவது, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் தனி வகுப்பு. 'உங்களுக்கென்றே வடிவமைத்த பாடத்திட்டம்' என்று விளம்பரம் செய்யப்படுவது இந்த மூன்றாவதுதான். கட்டணமும் மற்ற இரண்டைவிடப் பெரும்பாலும் அதிகம். அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

அரசு இசைப்பள்ளியில் சேரலாமே என்று கேட்கலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்றுத்தரப்படுகின்றன. கிட்டார் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, கிட்டார் என்றால் தனியார்தான்.

பாதியில் விடுவது ஏன்?

அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி ஒரு கணக்கைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல்முறை கிட்டார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்பது அது. விற்பவர் சொல்லும் கணக்கு, சரிபார்க்க வழியில்லை. ஆனால், அதே நிறுவனம் 2017-ல் 'ஃபெண்டர் ப்ளே' என்ற பயிற்சிச் செயலியை வெளியிட்டதைப் பார்த்தால், பிரச்சினை பெரிது என்று அவர்களே நம்பியது தெரிகிறது.

விடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. விரல் நுனி வலிக்கும். சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய 'எஃப்' கார்டில் பலர் நின்றுபோவார்கள். விலை குறைந்த கிட்டார்களில் கம்பி கழுத்துப் பலகையிலிருந்து உயரமாக நிற்கும், அழுத்தவே முடியாது. 'நமக்கு இது வராதுப்பா' என்று கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிடுவார் அவர். தப்பு அவருடையது அல்ல, கிட்டாருடையது. அதை யூடியூப் வீடியோ சொல்லாது, ஏனென்றால் அது உங்கள் கையைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

தனி வகுப்பின் மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. யாருக்கு எந்தப் பாட்டு, அவர் குரலுக்கு எந்தச் சுருதி, கேப்போ எங்கே மாட்டுவது, இந்த வாரம் எதைத் தள்ளிப்போடுவது என்று ஆள் பார்த்து முடிவெடுப்பது. பத்துப் பேர் வகுப்பில் இதற்கு நேரம் இருக்காது.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறை விளம்பரக்காரர்கள் அடிக்கடி இழுப்பார்கள். தனியாகப் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்றது அது. பிந்தைய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. தனிப் பயிற்சியால் பலன் உண்டு என்பதில் மட்டும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

நம்மூர் உதாரணத்துக்கு ஆய்வே தேவையில்லை. பண்ணைப்புரத்திலிருந்து சென்னை வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் நேரில் உட்கார்ந்துதான் மேற்கத்திய இசை கற்றார். பிறகு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார்.

ஆன்லைனில் என்ன குறையும்?

இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. சுமார் 30 மில்லி விநாடி தாமதம் வந்தாலே தாளம் தடுமாறத் தொடங்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. அதனால் 'நான் வாசிக்கிறேன், பிறகு நீங்கள்' என்றுதான் வகுப்பு நடக்கும். இன்னொரு தொல்லை, மீட்டிய கம்பியின் நீளும் ஒலியை ஜூம் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கினால் இது பெரும்பாலும் சரியாகும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லாத ஆசிரியர், மாணவர் வாசிப்பதைக் கவனித்துக் கேட்கிறாரா என்றே சந்தேகம் வரும்.

சான்றிதழ் வேண்டுவோருக்கு ஒரு நல்ல செய்தி. டிரினிட்டி கல்லூரி 2020 முதல் வீடியோ பதிவு செய்து அனுப்பும் தேர்வையும் நடத்துகிறது. கண்ணமங்கலத்திலிருந்தே எழுதலாம், இல்லை, வாசிக்கலாம்.

பணத்தில் கவனம்

தனி வகுப்புகளை மொத்தமாக விற்கும் தொழில் நம் நாட்டில் எப்படி ஏறி இறங்கியது என்பதற்கு ஒயிட்ஹேட் ஜூனியர் சாட்சி. ஆன்லைனில் ஒருவருக்கு ஒருவராகக் கோடிங் கற்றுத்தந்த அந்நிறுவனத்தை 2020 ஆகஸ்டில் பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2021-ல் கிட்டார், பியானோ வகுப்புகளும் சேர்ந்தன. 2024 ஜூலையில் பைஜூஸின் தாய் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போனது. கம்பெனி பெரிசு என்பதற்காக ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே, அதுவும் மாதத் தவணைக் கடன் போட்டுக் கட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். வகுப்பு நின்றாலும் கடன் தவணை தானாக நிற்காது. எட்டு வகுப்பு, பத்து வகுப்பு என்று கட்டுவது போதும். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. கலை, பண்பாடு சார்ந்த பொழுதுபோக்குப் பயிற்சிக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு, 2022 ஜூலை 18 முதல் தனிநபர் நடத்தும் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. தெருவில் உள்ள மாஸ்டர் தன் பெயரில் நடத்தினால் வரி இல்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் நடத்தினால் 18 சதவீதம். 1,000 ரூபாய் வகுப்புக்கு 180 ரூபாய் கூடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நிறுவனம் வழியாகச் சேர்ந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அதே ஆசிரியர்தான் கடைசிவரை வருவாரா? நடுவில் ஆள் மாறினால், மாணவரின் விரலையும் காதையும் பற்றித் தெரிந்துவைத்த அத்தனையும் அவரோடு போய்விடும்.

பணம் கட்டுவதற்கு முன் கிடைக்கும் இலவச வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். அதைவிட, அரை மணி நேரத்தில் எத்தனை நிமிடம் மாணவரை வாசிக்கவிட்டுக் கேட்டார் என்று கடிகாரத்தைப் பார்ப்பது உபயோகம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி இடது கையைக் காட்டச் சொன்னாரா என்பதையும்.