எழுதப்படாத சட்டத்துக்கு யார் பொறுப்பு?



திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் புறப்படும் முன் கண்ணாடியின் எதிரே நின்று உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறீர்கள். ‘இந்த உடை சுத்தமாக இருக்கிறதா, என் வேலைக்குப் பொருந்துகிறதா’ என்பது அந்தக் கேள்வியானால், அதைப் பற்றி நான் எழுத வேண்டியது ஒன்றுமில்லை. ‘இதைப் பார்த்து யார் என்ன சொல்வார்களோ’ என்பது உங்கள் கேள்வியானால், இந்த வாரச் சிந்தனை உங்களுக்காக எழுதப்படுகிறது. உங்களை அப்படிக் கேட்கவைத்தவர்களுக்காகவும் எழுதப்படுகிறது. அவர்களில் சிலரும் நம்மோடுதான் ஆராதனையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் அலுவலகங்களில் இருவகைச் சட்டங்கள் உண்டு. முதல் வகை, பணியில் சேரும் நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரப்படுவது. இரண்டாம் வகையை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஒரு மாதத்துக்குள் அது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, மல்லிகைச் சரம் சூடி வரும் பெண்ணிடம், “ஊரிலிருந்து நேராக வருகிறாயா?” என்று ஒருவர் கேட்பார், நால்வர் சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவள் தலையில் பூ இராது. ஒரே சட்டையை வாரத்தில் இருமுறை அணிந்துவரும் இளைஞனிடம் எவரும் நேரடியாக எதுவும் சொல்லமாட்டார்கள். வாடிக்கையாளரைச் சந்திக்கச் செல்லும் குழுவில் மட்டும் அவன் பெயர் விடுபட்டிருக்கும். ஓர் அலுவலகத்தில் சுடிதார் அணிபவளுக்கு அடக்கமற்றவள் என்று பெயர். மற்றோர் அலுவலகத்தில் சேலை உடுத்துபவளுக்குப் பட்டிக்காடு என்று பெயர். சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. மீறியவருக்குத் தண்டனை உண்டு என்பது மட்டும் மாறுவதில்லை.

ஒரு சகோதரியின் காரியத்தைச் சொல்கிறேன். அவர் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளர். ஆண்டு விழாவுக்குப் பெண்கள் அனைவரும் ஒரே நிறச் சேலையில் வரலாம் என்று ‘எல்லாரும் சேர்ந்து’ முடிவெடுத்தார்கள். சேலை ₹1,200, ரவிக்கை தைக்கும் கூலி தனி. நிரந்தரப் பணியில் இருப்போருக்கு அது ஒரு மாலைநேரச் செலவு. இவருக்கோ அது வீட்டின் அரைமாத மளிகை. பணம் தந்தவர்களின் பெயர்ப்பட்டியல் நாள்தோறும் வாட்ஸ்ஆப் குழுவில் வெளியாயிற்று. தராதவர் யார் என்பதைத் தனியாக எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் கைமாற்று வாங்கிப் பணம் கட்டினார். பிற்பாடு ஒருவர் மெல்ல இதைச் சுட்டிக்காட்டியபோது பொறுப்பிலிருந்தவர் தந்த விடை: “நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே.”

அந்த விடையை நன்றாகக் கவனியுங்கள். நான் எதிர்த்து எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். கட்டாயம் இருந்தது, கட்டாயப்படுத்தியவர் இல்லை. சுமை இருந்தது, அதைச் சுமத்திய கை இல்லை. எழுதப்படாத சட்டத்தின் முழு வலிமையும் இந்த ஒளிவிடத்தில்தான் இருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு எழும்: ‘அலுவலகத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா, ஐயா? அவரவர் விருப்பப்படி வரலாமா?’ ஒழுங்கு வேண்டும். யோசேப்பு சிறையிலிருந்து பார்வோன் முன்பாக அழைக்கப்பட்டபோது சவரம் செய்து, உடை மாற்றிக்கொண்டு சென்றதை ஆதியாகமம் 41-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இடமறிந்து உடுத்துவது பாவமன்று. சீருடையையும் நான் குறைகூறவில்லை. மருத்துவமனைச் செவிலியரின் உடைக்கும், தொழிற்சாலையில் அணியும் தலைக்கவசத்துக்கும் சொல்லத்தக்க காரணம் உண்டு. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையின்றிச் சீருடை வழங்குகிறது. கூலித் தொழிலாளியின் மகனும் கடைக்காரரின் மகனும் ஒரே துணியில் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். நல்ல விதிக்கு அடையாளங்கள் இவை: அது எழுதப்பட்டிருக்கும், காரணம் சொல்லப்பட்டிருக்கும், விதித்தவரே அதன் செலவையும் நினைத்துப் பார்த்திருப்பார். எழுதப்படாத சட்டத்துக்கு இம்மூன்றில் ஒன்றும் கிடையாது.

எழுதப்பட்ட விதி அநியாயமாக இருந்தாலும் அதை எதிர்த்து வழக்காட ஒரு வாசல் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி அணிந்து வந்ததால் சேப்பாக்கத்திலுள்ள ஒரு மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அந்த மன்றத்துக்கு உடைவிதி ஒன்று இருந்தது. ஆகவே அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி அணிந்தவரைப் பொது மன்றங்களிலும் அவை போன்ற இடங்களிலும் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டுவரை சிறையும் ₹25,000 வரை அபராதமும் விதிக்கலாம் என்றும் வகுத்தது. விதி கண்ணுக்குத் தெரிந்ததனால்தான் அதை உடைக்க முடிந்தது. ஒருவேளை அந்த நீதிபதியை உள்ளே விட்டுவிட்டு, மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தோர் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்திருந்தால், எந்தச் சட்டமன்றம் என்ன செய்திருக்க முடியும்?

இதன் மறுபக்கத்தையும் காணலாம். 2019-ஆம் ஆண்டில் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியரின் உடைபற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்கள் சேலையோ சல்வார் கமீஸோ துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம்; ஆண்கள் சட்டையும் பேன்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியும் அணியலாம் என்றது அந்த ஆணை. அரசின் தலைமை அலுவலகத்துக்கே பொருந்தும் சுடிதார், எத்தனையோ பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் இன்றும் பொருந்தவில்லை! நம் சபையின் ஆசிரியைகளைக் கேட்டுப்பாருங்கள். தாளில் இருக்கும் உரிமையை ஒரு முகச்சுளிப்பு எளிதாகத் தின்றுவிடுகிறது.

நம் முன்னோரின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த குமரி மண்ணில், நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காக அடிபட்டார்கள். சந்தையில் அவர்களது துணி கிழிக்கப்பட்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் தீக்கிரையாயின. அந்தக் கொடுமைக்குச் சொல்லப்பட்ட நியாயம் ‘பழைய வழக்கம்’ என்பதே. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மன்னரின் பிரகடனம் வந்தது. அதிலும்கூட, நாடார் பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற வரம்பு இருந்தது. உடுத்த அனுமதித்தபோதும், யார் யாருக்குக் கீழ் என்பதை உடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இன்றைய அலுவலகத்தின் ஏளனத்தை அன்றைய வன்கொடுமையோடு சமமாக வைக்க நான் துணியமாட்டேன். அது அந்தத் தாய்மாரை அவமதிப்பதாகும். ஆனால் அவர்கள் இரத்தம் சிந்திக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. உடையைப் பற்றிய ‘வழக்கம்’ என்று எவராவது பேசத் தொடங்கினால், அந்த வழக்கத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர், ஒப்பந்தக்காரர், முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர், கிராமத்திலிருந்து வந்த பெண். மேலதிகாரி நொறுங்கிய சட்டையோடு வந்தால் அவருக்கு எளிமையானவர் என்று பெயர். கடைநிலை ஊழியர் அவ்வாறு வந்தால் அவருக்குப் பொறுப்பற்றவர் என்று பெயர்.

மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரையும் வேதபாரகரையும் கடிந்துகொள்ளும் வரிசையைப் பாருங்கள். பிறர் தோள்மேல் பாரமான சுமையை ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் அதைத் தொடாதவர்கள் என்று 4-ஆம் வசனத்தில் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே அவர்களுடைய உடையின் அகலத்தையும் நீளத்தையும் பற்றிப் பேசுகிறார். உடையால் மதிப்புத் தேடுகிறவரும் பிறர்மேல் சுமை ஏற்றுகிறவரும் ஒரே ஆட்கள் என்பதை ஆண்டவர் கண்டிருந்தார்.

‘பவுல் அப்போஸ்தலன் எல்லாருக்கும் எல்லாமாக ஆனாரே, நாமும் சூழலுக்கு இணங்கினால் என்ன?’ என்று கேட்கும் சகோதரருக்கும் விடை சொல்ல வேண்டும். அதே பவுலின் இரண்டு செயல்களை ஒப்பிடுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 16-இல், ஊழியத்துக்குத் தடை வராதபடி தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். கலாத்தியர் 2-இலோ, தீத்துவுக்கு அதைச் செய்தே ஆகவேண்டும் என்ற நெருக்குதல் வந்தபோது கொஞ்சநேரமும் இணங்க மறுக்கிறார். சடங்கு ஒன்றே. அன்பினால் ஒருவன் தானாக வளைவது வேறு. சேர்த்துக்கொள்ளப்படுவதற்கு விலையாக வளைக்கப்படுவது வேறு. முதலாவதைப் பவுல் செய்தார். இரண்டாவதை எதிர்த்து நின்றார். பிறரை வளைக்கிறவர் பவுலின் பெயரைத் துணைக்கு அழைக்க உரிமையற்றவர்.

அலுவலகத்தைச் சாடிவிட்டுச் சபையை விட்டுவிட எனக்கு அனுமதியில்லை. யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் காட்டும் காட்சி அலுவலகத்தில் நடக்கவில்லை, ஆராதனையில் நடக்கிறது. தங்கமும் விலையுயர்ந்த ஆடையுமாக வந்தவருக்கு நல்ல இருக்கை. அழுக்குத் துணியோடு வந்த ஏழைக்குக் காலடியில் இடம். அப்படி ஒரு விதியை எவரும் எழுதிவைத்திருந்ததாக யாக்கோபு சொல்லவில்லை. வரவேற்றவரின் கண்களே சட்டமாயிருந்தன. கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாடகர் குழுவும் பெண்கள் ஐக்கியமும் ஒரே நிறச் சேலைக்குப் பணம் திரட்டும்போது, அதைத் தர இயலாமல் ‘உடம்பு சரியில்லை’ என்று விலகிக்கொண்ட ஒரு குரல் நம் நடுவில் இருந்தால், அந்தப் பாட்டு கர்த்தருக்கு எப்படி ஏற்றதாகும்?

சவுல் தன் சொந்தக் கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்தான். அது நல்லெண்ணத்தோடு செய்தது. அரசனுடைய கவசத்தைவிடச் சிறந்தது எங்கே கிடைக்கும்? தாவீது அதை அணிந்து நடந்து பார்த்தான். பழக்கமில்லை என்று கழற்றிவைத்தான். இளைஞனின் துணிவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். சவுலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: அவன் வற்புறுத்தவில்லை. கழற்றியவனைக் கவணோடும் கற்களோடும் போகவிட்டான். நம் மேலாளர்களில் எத்தனைபேர் அந்த அளவுக்காவது வருவார்கள்?

ஆகவே பொறுப்பிலிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களிடமே கேட்கிறேன். உங்கள் அலுவலகத்தில் எதிர்பார்க்கப்படும் உடை எதுவோ, அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எழுத வெட்கமாக இருந்தால், அதை எதிர்பார்க்கவும் வெட்கப்படுங்கள். குறிப்பிட்ட துணிதான் வேண்டும் என்றால், அந்தத் துணிக்கு நிறுவனமே பணம் தரட்டும். அடுத்தமுறை ஒரே நிறச் சேலைக்கான பேச்சு எழும்போது, ‘நான் வாங்கவில்லை’ என்று முதலில் சொல்கிறவர் அந்த அறையிலேயே அதிகச் சம்பளம் பெறுகிறவராக இருக்கட்டும். அவருக்கு அந்தச் சொல்லால் நட்டமில்லை. அவருக்குப்பின் பத்துப்பேர் மூச்சுவிடுவார்கள்.

வேலைக்குப் புதிதாய்ச் சென்றிருக்கும் பிள்ளைகளே, நீங்கள் இணங்கிப்போக நேர்ந்தால் அதற்காக உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். இந்தப் போரை உங்கள் தலைமேல் நான் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சில ஆண்டுகளில் நீங்களும் மூத்தவர்கள் ஆவீர்கள். அப்போது எண்ணெய் வைத்த தலையோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வேலையையும் உங்கள் கண்களையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.