கால் பலத்தை அளக்கும் கருவி: காசுக்குத் தகுமா?

ஹவாய்த் தீவு. 1982-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி ஓடி வருகிறார். பெண்களில் அவர்தான் முதல். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அப்போது கால் மடங்கியது. விழுந்தார். எழுந்தார். மீண்டும் விழுந்தார். பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் வென்றுவிட்டார். ஜூலி தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 வினாடிதான்!

அது "அயர்ன்மேன்" பந்தயம். 3.8 கிலோ மீட்டர் நீச்சல். பிறகு 180 கிலோ மீட்டர் சைக்கிள். அதற்கும் பிறகு 42.2 கிலோ மீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். உடம்பில் உள்ள தெம்பை மூன்றுக்கும் பங்கு போட வேண்டும். சைக்கிளில் அள்ளி இறைத்தவர், ஓட்டத்தில் நடக்க வேண்டியதுதான்.

சைக்கிளில் எவ்வளவு தெம்பு செலவாகிறது? அதைக் காட்டுவதுதான் "பவர் மீட்டர்". ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிச் ஷோபரர் 1986-ல் இத்தகைய கருவியை உருவாக்கினார்.

வாட் கணக்கு

பெடலை மிதிக்கும்போது, அதைத் தாங்கும் கை மிக மிகச் சிறிதளவு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு! கருவி அதை அளக்கிறது. கால் சுற்றும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, இத்தனை "வாட்" என்று கைப்பிடியில் உள்ள சிறு பெட்டியில் காட்டுகிறது. மின்சார பல்பில் போட்டிருக்கிறதே, அதே வாட்தான்.

வேகத்தைப் பார்த்தால் போதாதா? போதாது. எதிர்க்காற்றில் உயிரைக் கொடுத்து மிதித்தாலும் வேகம் குறையும். இதயத் துடிப்போ, சற்றுத் தாமதமாகத்தான் ஏறும். வெயில் ஏறினால், அதே உழைப்புக்கே அதிகமாகத் துடிக்கும். வாட் கணக்குக்குக் காற்றும் தெரியாது, வெயிலும் தெரியாது.

ஒருவரால் ஒரு மணி நேரம் முழு மூச்சாக 200 வாட் மிதிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட பந்தயத்தில் அவர் ஏறக்குறைய 140 வாட்டோடு நிற்பது நல்லது. ஆனால் காலையில் கால் புதிதாக இருக்கும். 180 கூட லேசாகத் தோன்றும். அங்கேதான் ஆபத்து! "போதும்" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையைக் கருவி செய்கிறது.

எல்லோருக்கும் தேவையா?

மார்க் ஆலன் 1989 முதல் 1995 வரை ஹவாயில் ஆறு முறை வென்றவர். அவருக்குப் பயிற்சியில் வழிகாட்டியது இதயத் துடிப்பை அளக்கும் கருவிதான். தராசு வாங்கினால் அரிசி பெருகாது அல்லவா?

கருவியின் விலை சில நூறு டாலர். மலிவானவற்றில் பல, இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிவிடும். இரண்டு காலும் சமபலம் இல்லாதவருக்குக் கணக்குப் பிசகும். மேலும், வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. சில வாரங்களுக்கு ஒரு முறை தன் பலத்தைச் சோதித்து, கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

எனவே, புதிதாக இறங்குபவருக்கு இது வேண்டாம். முதலில் ஒழுங்காக நீந்தக் கற்கட்டும். இருக்கையின் உயரத்தைச் சரி செய்யட்டும். நீண்ட பந்தயத்தில் ஒரு முறை ஓட முடியாமல் நடந்து அவதிப்பட்டவரா? அவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் பத்துப் பேர் தன்னை முந்திப் போனாலும், பெட்டியில் தெரியும் எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். அது முடியாதென்றால், அந்தக் காசுக்கு ஒரு ஜோடி நல்ல ஓட்டக் காலணி வாங்கிக்கொள்ளலாம்.