கிழிந்தது ஓரம்தான், ஸ்பீக்கர் இல்லை

கடலூர், சிதம்பரம் பக்கம் பல வீடுகளில் பரண் மேல் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் பெட்டி கிடக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சித்தப்பா யாராவது தூக்கி வந்த செட்டாக இருக்கும். பாட்டு போட்டால் 'பர்ர்ர்' என்று இரையும், பேஸ் சுத்தமாக இருக்காது. வீட்டில் இரண்டே யோசனைதான் வரும். ஒன்று, காயலான் கடை. இன்னொன்று, மெக்கானிக்கிடம் கொடுத்து ரீகோன் பண்ணுவது. என்னைக் கேட்டால் பெரும்பாலான பெட்டிகளுக்கு இரண்டுமே தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஸ்பீக்கருக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் வெளியிட்ட அமைப்பைத்தான் உலகம் நூறு வருஷமாகப் பயன்படுத்துகிறது. பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவில் வட்டமான ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் செப்புக் கம்பி சுற்றிய ஒரு குட்டிக் குழல், அதுதான் வாய்ஸ் காயில். காயிலோடு ஒட்டிய கோன். கோன் நேராக முன்னும் பின்னும் போய்வர இரண்டு பிடிமானம்: கீழே மடிப்பு மடிப்பான துணித் தட்டு (ஸ்பைடர்), மேலே விளிம்பைச் சுற்றி ஒரு வளையம். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த ஃபிளெமிங்கின் இடக்கை விதி வேலை செய்வது இங்கேதான்!

இதில் எது கெட்டுப்போகிறது? 70-களிலிருந்து 90-கள் வரை வந்த வீட்டு ஸ்பீக்கர்கள் நிறையவற்றில் அந்த வளையம் பாலியூரிதேன் ஃபோம். ஈரக் காற்று பட்டுப் பட்டு அது கொஞ்சம் கொஞ்சமாக ரசாயன ரீதியில் சிதைகிறது. பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும் சிதையும். பதினைந்து இருபது வருஷத்தில் விரல் வைத்தால் பொடியாக உதிரும். வருஷம் முழுக்கக் கடல் காற்று வீசும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆனால் ஃபோம் போனதால் காந்தம் போய்விட்டதா? காயில் போய்விட்டதா? இல்லை. சட்டையில் காலர் கிழிந்ததற்குச் சட்டையையே தூக்கிப் போடுகிறோம், அவ்வளவுதான்.

காயில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். 8 ஓம் என்று எழுதிய வூஃபர் மீட்டரில் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் என்றால் 3-க்குச் சற்று மேலே. ஒன்றுமே காட்டாவிட்டால் காயிலோ, அதற்குப் போகும் ஒயரோ அறுந்திருக்கிறது. அடுத்து, இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. 'சர்க் சர்க்' என்று உரசினால் காயில் எரிந்து உப்பியிருக்கலாம், அல்லது கோன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். இந்த இரண்டு சோதனையிலும் பாஸானால் ரீகோன் தேவையில்லை. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அதை வீட்டிலேயே செய்யலாம். கரண்ட் கனெக்‌ஷன் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைத் திறக்க வேண்டியதே இல்லை என்பதால் பயமும் வேண்டாம். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் பேப்பர் கோன் கிழியும். புது வளையம் வாங்கும்போது '8 இன்ச்' என்று மட்டும் சொன்னால் போதாது. கோன் விளிம்பின் விட்டம், ஃபிரேமின் விட்டம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேப்பர் கோனுக்குச் சாதாரண வெள்ளைப் பசை நல்லது. உடனே பிடித்துக்கொள்ளாது, நகர்த்திச் சரிசெய்யச் சில நிமிஷம் கிடைக்கும். பிளாஸ்டிக் கோனில் அது பிடிக்காது, அதற்கென்று இருக்கும் பசைதான் வேண்டும். முதலில் கோனோடு ஒட்டிக் காயவிட்டு, பிறகு ஃபிரேமோடு ஒட்டும்போது கோனை அழுத்தி அழுத்திப் பாருங்கள். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கிடையாது. உரசாத இடத்தில் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். வேலை இவ்வளவுதான், தேவை பொறுமை.

'எதற்கு இந்தத் தொல்லை? மொத்தமா மாத்திடலாம் தம்பி' என்பார் மெக்கானிக். மொத்தமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதை என் மாமா வீட்டுப் பெட்டியில் பார்த்தேன். ஃபோம் மட்டும்தான் போயிருந்தது. கையில் இருந்த விறைப்பான துணி ஓரம் வைத்த கோன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் வந்தது, பேஸ் வரவில்லை. கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி ஒரே கத்தல்.

காரணம் பிளஸ் ஒன் பாடத்திலேயே இருக்கிறது. வூஃபர் என்பது ஸ்பிரிங்கில் தொங்கும் எடை மாதிரி. பிடிமானத்தின் விறைப்பும் கோனின் எடையும் சேர்ந்துதான் அதன் இயல்பான அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. விறைப்பு இரண்டு மடங்கானால் 40 ஹெர்ட்ஸ் என்பது 56-க்கு ஏறிவிடும். பெட்டியின் கொள்ளளவும் அதில் உள்ள ஓட்டையும் பழைய எண்ணுக்காகக் கணக்கிட்டவை. இந்தக் கணக்கை 1961-ல் ஆஸ்திரேலியாவின் தீல் எழுதினார், 70-களில் ஸ்மால் விரிவாக்கினார். இன்றும் ஸ்பீக்கரின் இந்த அளவுகளுக்கு இருவர் பெயரும்தான். ஆக, கிடைத்த கோனைப் போட்டு ரீகோன் செய்தால் கையில் இருப்பது பழைய ஃபிரேமுக்குள் வேறொரு ஸ்பீக்கர். ரிப்பேர் என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்காக ரீகோனே தப்பு என்று சொல்லவில்லை. தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கும், சிதம்பரம் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ராவுக்கும் பெட்டி கட்டும் மைக் செட்காரர்களின் கதை வேறு. அவர்கள் ஸ்பீக்கரில் துணி ஓரம்தான், சீக்கிரம் போகாது. போவது காயில். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் ஒலியாகிறது, மீதி எல்லாம் காயிலில் சூடு. மணிக்கணக்கில் முழு வால்யூமில் ஓட்டினால் எரியாமல் என்ன செய்யும்? அங்கே அதே மாடலுக்குரிய கோன், காயில், ஸ்பைடர் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. 2015 வெள்ளத்தில் கடலூரில் தண்ணீர் புகுந்த வீடுகளில் நனைந்த பெட்டிகளும் அப்படித்தான். பேப்பர் கோன் நெளிந்து, காந்த இடைவெளியில் துரு ஏறிவிட்டால், துருவைச் சுத்தம் செய்து ரீகோன் செய்வதைத் தவிர வழியில்லை.

'ஆயிரம் ரூபாய்க்கு புளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 8 இன்ச் வூஃபரின் பரப்பு 2 இன்ச் ஸ்பீக்கரைப் போல 16 மடங்கு. அவ்வளவு காற்றைத் தள்ளினால்தான் தவிலின் தொப்பி நெஞ்சில் இடிக்கும். தவிர, அந்தப் புளூடூத் டப்பாக்களில் பல, பேட்டரி போனதும் குப்பைக்குப் போவதற்கென்றே ஒட்டி மூடப்பட்டவை. பொருளைப் பழுது பார்ப்பது வாங்கியவரின் உரிமை என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் அதற்கென்று ஒரு குழு அமைத்தது. உரிமை கிடைத்து என்ன பயன், திறக்கத் தெரிந்த கை இல்லாவிட்டால்?

எனக்கு உறுத்துவது அதுதான். பொறியியல் படிக்கும் நம்மில் எத்தனை பேர் ஒரு வூஃபரைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம்? கோன் ஒட்டத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயசாகிக்கொண்டே போகிறது. வாடிக்கையாளரும் குறைய, பொருத்தமான கோனைத் தேடி வாங்க அவர்களுக்கும் கட்டுப்படி ஆவதில்லை. மாமா பெட்டி பாழானதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'எனக்கு இதே விறைப்பில் ஃபோம் வளையம்தான் வேண்டும்' என்று கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் வந்தால், அவர்களும் அதையே வாங்கி வைப்பார்கள்.

இந்த லீவில் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்குங்கள். முன் பக்கத் துணியைக் கழற்றி ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சந்தோஷப்படுங்கள், போனது அது மட்டுமாகத்தான் இருக்கும்.