நேர்காணலின் இறுதி வினா

நேர்காணல் முடியும் தறுவாயில் குழுவின் தலைவர் கோப்பை மூடிக்கொண்டே, "எங்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டா?" என்கிறார். நம் மாணவர் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை ஐயா, நன்றி" என்று கூறி வெளியேறுகிறார். ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு நேர்காணல்களில் நாம் காணும் காட்சி இது. அடக்கம் என்று அவர் கருதும் அந்த மௌனம், உண்மையில் தமக்குரிய உரிமை ஒன்றைக் கைநழுவ விடுவதே ஆகும்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகையாகப் பகுத்தார். விடையைத் தாம் அறிந்திருந்தும் பிறர் அறிவை அளந்தறியக் கேட்பது அறிவினா. நேர்காணல் நடத்துவோர் கேட்பவை பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை. அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியாத நிலையில் எழுவது ஐயவினா. கடைக்காரரிடம் பொருள் கொள்ளக் கேட்பது கொளல்வினா. இம்மூன்றும் வேலை தேடுவோருக்கு உரியவை. அவர் இரந்து நிற்பவர் அல்லர். தம் உழைப்பையும் இளமைக் காலத்தையும் தந்து ஊதியம் கொள்பவர். ஒரு முழம் துணி வாங்குமுன் சாயம் போகுமா என்று கேட்கும் நாம், வாழ்வின் சில ஆண்டுகளை ஒப்படைக்குமுன் வாய் திறவாதிருப்பது முறையோ?

நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் இவ்வாறே வாளாவிருந்து வேலை பெற்றார். பணியில் சேர்ந்த நாளன்றுதான், ஈராண்டு விலகக்கூடாது என்ற ஒப்பந்தமும், மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவருக்குத் தெரியவந்தன. பின்னர் அரசுப் பணித் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டபோது அவர் கையில் நகல்களே இருந்தன. குறித்த நாள் கடந்தது, வாய்ப்பும் போயிற்று. நேர்காணலில் ஒரு வினா கேட்டிருப்பின் இந்த இழப்பு நேர்ந்திராது.

ஆகவே, கேட்க வேண்டியவற்றைக் கேட்டேயாக வேண்டும். முதல் ஆறு மாதங்களில் எனக்குரிய பணி யாது? என்னை வழிநடத்துபவர் யார்? தகுதிகாண் காலம் எவ்வளவு? விலகுவதாயின் எத்தனை நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும்? பிணை ஒப்பந்தம் உண்டா? இறுதி வினாவை எளிதாக எண்ண வேண்டா. மூன்றாண்டு முடியுமுன் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று பொதுத்துறை வங்கியொன்று விதித்திருந்த நிபந்தனை செல்லும் என, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. கையெழுத்திட்ட பின் வருந்துவதைவிட, இடுமுன் வினவுவதே அறிவுடைமை.

ஊதியத்தைப் பற்றியும் தெளிவு தேவை. 'ஆண்டுக்கு மூன்று இலட்சம்' என்றவுடன் மாதம் இருபத்தைந்தாயிரம் கைக்கு வரும் என மகிழ்ந்துவிடுகிறோம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கும், பணிக்கொடையும் அத்தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கலாம். எனவே, "பிடித்தங்கள் போக மாதந்தோறும் கையில் கிடைப்பது எவ்வளவு?" என்று கேட்டல் வேண்டும். மாணவியர் பணி நேரம், இரவுப் பணிக்கான ஊர்தி வசதி ஆகியவற்றோடு, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகக் குழு பற்றியும் தயங்காது கேட்கலாம்.

வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் இவ்விழிப்பு இருமடங்கு தேவை. பத்தாம் வகுப்புத் தேறியோர் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டியதில்லை. அது சலுகையே எனினும், புறப்படுமுன் அவர்தம் ஒப்பந்தத்தை ஆராயும் அரசு அலுவலர் இல்லை என்பதும் அதன் மறுபக்கம். பட்டதாரிக்கு அவர் கேட்கும் வினாவே காவல். முகவரின் பதிவெண் யாது? ஒப்பந்தத்தில் உள்ள பணியும் விசாவில் உள்ள பணியும் ஒன்றா? உறைவிடம், மருத்துவச் செலவு, ஊர் திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை யார் பொறுப்பு? கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும்? கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என 1967 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதையும் நினைவில் கொள்க.

"இத்தனையும் கேட்டால் வேலை போய்விடாதா?" எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பணியைப் பற்றி முதலிலும், ஊதியத்தைப் பற்றிப் பின்னரும், இரண்டு மூன்று வினாக்களை மட்டும் பணிவோடு கேட்க வேண்டும். எஞ்சியவற்றை நியமன ஆணை வந்தபின், கையெழுத்திடுமுன் எழுத்து வழியே கேட்கலாம். முறையாகக் கேட்ட வினாவுக்காகவே ஒருவரை ஒதுக்கும் நிறுவனம், தான் எத்தகையது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டது எனலாம்.

இவ்வச்சத்தைப் போக்கும் கடமை ஆசிரியர்களாகிய எமக்கும் உண்டு. வகுப்பில் வினா எழுப்பும் மாணவரை அதிகப்பிரசங்கி என்று அமர்த்திவிட்டு, நேர்காணலில் மட்டும் அவர் நிமிர்ந்து பேசவேண்டும் என எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? வினாவின் வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வித்தது போதும். இனி வாழ்வுக்காக வினவப் பழக்குவோம்.