தெப்பக்காட்டுக் கவளமும் இரசாயனக் கல்வியும்

சென்ற விடுமுறையில் தெப்பக்காட்டிற்குச் சென்றிருந்தேன். மாயாற்றங்கரையிலுள்ள யானை முகாமில் கவளம் கொடுக்கும் காட்சியைக் கண்டோர் இக்கல்லூரியிலும் பலர் இருப்பர். வெந்த கேழ்வரகும் கொள்ளும் கட்டிகளாகக் கிடக்க, அவற்றோடு சோறும் வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, பெரும் உருண்டைகளாக்கிப் பாகர் யானையின் வாயில் ஊட்டுகின்றனர். எந்த யானைக்கு எது எவ்வளவு என்பது, அதன் வயதும் உடல்நிலையும் நோக்கி மருத்துவர் வகுத்தபடியாம்.

அருகே நின்ற சிறுவன் ஒருவன் என்னை நோக்கி, "அண்ணா, உருண்டையில் உப்பைக் கலந்தார்களே, உப்பில் எதைக் கலந்திருக்கிறார்கள்?" என்றான்.

பள்ளியில் இரசாயனத்திற்கு நல்ல மதிப்பெண் பெற்ற எனக்கு விடை நாவில் எழவில்லை. கலவைக்கும் சேர்மத்திற்கும் உள்ள வேற்றுமைகளைக் கட்டமிட்டு எழுதியவனே யான். வேற்றுமைகள் அனைத்தும் நினைவில் இருந்தன. உப்பு மட்டும் அவற்றுள் இல்லை!

விடையோ அக்கவளத்திலேயே இருந்தது. யானைக்கு யானை வெல்லம் கூடலாம், கொள் குறையலாம். எவ்வாறாயினும் அது கவளமே. ஆதலின் அது கலவை. உப்பின் செய்தி வேறு. தூத்துக்குடி அளத்தில் விளைந்ததாயினும், வேதாரணியத்தில் விளைந்ததாயினும், அழுக்கு நீக்கி நிறுத்துப் பார்ப்பின், சோடியம் 23 பங்கிற்குக் குளோரின் 35.5 பங்கே. அதனை மாற்ற எந்த மருத்துவராலும் இயலாது. இவ்வாறு சேர்மங்களின் விகிதம் மாறாதென்பதனை ப்ரூஸ்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவினார். சோடியம் நீர் பட்டாற் சீறும் உலோகம். குளோரினோ 1915ஆம் ஆண்டு ஈப்பர் போர்க்களத்தில் வீரரை மாய்த்த நச்சு வாயு. இரண்டும் கூடித் தத்தம் இயல்பிழந்து நம் சோற்றுக்கும் யானையின் கவளத்திற்கும் உப்பாயின. தழையுணவிற் சோடியம் குறைவாதலின் காட்டு யானையும் உவர்மண்ணைத் தேடித் தின்னும்.

தமிழில் இரசாயனம் கற்பித்தல் இயலாதென்பார் ஒரு சாரார். அவர் கூற்று எஞ்ஞான்றோ பொய்யாயிற்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. சேலத்தில் 1916இல் இராஜாஜி முதலியோர் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். மற்றொரு சாரார், பிராணவாயு என்பதா, உயிர்வளி என்பதா, ஆக்ஸிஜன் என்பதா என்று இன்னும் வழக்காடுகின்றனர். தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய எனக்கும் சொல்லாக்கத்தில் விருப்பம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் நாம் 'சேர்மம்' என்பதனை ஈழத்தார் 'சேர்வை' என்கின்றனர். அதனால் அங்கே உப்பின் சுவை குன்றிற்றா?

பெயரை முன்னும் பொருளைப் பின்னும் கொடுப்பதே நம் பாடங்களின் குறை என்பது என் கருத்து. பொருளைக் கடைசிவரை கொடாமலே விடுவதும் உண்டு. பத்து வேற்றுமைகளை எழுதச் சொல்வதினும், சாம்பார், வெண்கலம், சுண்ணாம்பு, மோர் இவற்றைக் கூறி, இவற்றுட் சேர்மம் யாது, ஏன் என்று ஒரு வினா கேட்கலாகாதா? நெட்டுருப் போட்டவன் அங்கே அகப்படுவான். யானும் அகப்பட்டிருப்பேன்.

அச்சிறுவனுக்கு அன்று, "உப்பில் யாரும் எதையும் கலக்கவில்லை, தம்பி" என்று மட்டும் கூறினேன். அவன் விடுவதாயில்லை. "அப்படியானால் அது எதனால் ஆனது?" என்றான். அதற்குள் கூடலூர்ப் பேருந்து வந்துவிட்டது.