கண்ணாடி மூடுவதற்கு முன்னால்

நாமக்கல் ஜில்லாவில் உள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாகப் போனவர்களுக்கு அந்தப் பாதை ஆயுசுக்கும் மறக்காது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை 70 கொண்டை ஊசி வளைவுகள்! இருபதாவது வளைவிலேயே பஸ்ஸில் பாதிப் பேர் எலுமிச்சம் பழத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு அறப்பளீசுவரரைக் கூப்பிட ஆரம்பித்து விடுவார்கள். மலையிலிருந்து மிளகும் பலாப்பழமும் வாழைத்தாரும் இறங்குகின்றன. கீழேயிருந்து அரிசி மூட்டை, சிமெண்டு, இரும்புக் கட்டில், எல்லாம் லாரியில் குலுங்கிக் குலுங்கி ஏறுகின்றன.

இந்தக் காலத்தில் மலை ஏறுகிற சாமான்களில் சோலார் பேனலும் ஒன்று. 2011-ல் தமிழக அரசு கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் பசுமை வீடு கட்டித் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டோடு சூரிய விளக்கையும் சேர்த்தே கொடுத்தது. மலை ஊர்களுக்கு இது எத்தனை சௌகரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் ஒரு மரம் மின்சாரக் கம்பியின் மேல் சாய்ந்து விட்டால், விளக்கு எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கூரை மேல் கிடக்கும் பலகைதான் கை கொடுக்கும்.

அந்தப் பலகையைப் பார்த்தால் ஒரே கண்ணாடித் தகடு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். ஒரு வீட்டு விளக்குக்கான சின்னப் பேனலில் 36 செல்கள் உண்டு. ஒவ்வொரு செல்லும் வெயில் பட்டால் சுமார் அரை வோல்ட் மின்சாரம் தரும். அரை வோல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே முப்பத்தாறையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து 18 வோல்ட் ஆக்குகிறார்கள். அப்போதுதான் 12 வோல்ட் பாட்டரிக்குள் மின்சாரம் இறங்கும். நகரத்து மொட்டை மாடிகளில் வைக்கும் பெரிய பேனல்களில் 72 செல்களோ, பாதியாக வெட்டிய 144 செல்களோ இருக்கும்.

"ஒரு செல் கெட்டால் என்ன, பாக்கி முப்பத்தைந்து இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கோத்து வைத்த இடத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. கல்யாண வீட்டில் கிணற்றிலிருந்து அடுப்படி வரை பத்துப் பெண்கள் வரிசையாக நின்று குடம் கை மாற்றுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் ஒருத்திக்குக் கை வலி. மற்ற ஒன்பது பேரும் எத்தனை சுறுசுறுப்பாக இருந்தாலும், அடுப்படிக்குத் தண்ணீர் அவள் கொடுக்கும் வேகத்தில்தான் போய்ச் சேரும். செல்களின் கதையும் இதுவே. எது மிகவும் பலவீனமோ, அதன் அளவுக்குத்தான் எல்லாவற்றிலும் மின்சாரம் ஓடும்.

அதோடு போனாலும் பரவாயில்லை. மற்ற செல்கள் தள்ளுகிற மின்சாரம் முழுவதையும் தாங்க மாட்டாமல் அந்த நோஞ்சான் செல் சூடேறுகிறது. மின்சாரம் கொடுக்க வேண்டியது, வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து விடுகிறது! சில சமயம் கொதிநீரை விட அதிகச் சூடாகிப் பின்பக்கத்து உறை பழுப்பேறிக் கருகுவதும் உண்டு. இதைத் தடுப்பதற்காகப் பெரிய பேனல்களில் மூன்று 'பைபாஸ் டயோடு'கள் வைக்கிறார்கள். ஓர் இடத்தில் கோளாறு வந்தால் அவை மின்சாரத்தைச் சுற்று வழியில் அனுப்பிவிடும். ஆனால் அப்போது அந்தப் பகுதியில் இருக்கும் நல்ல செல்களும் சேர்ந்து ஒதுக்கப்பட்டு, பேனலில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு தெருவையே தள்ளி வைக்கிற கதைதான்.

சரி, செல் ஏன் கெடுகிறது? அதன் கனத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். ஒரு மில்லி மீட்டரில் ஆறில் ஒரு பங்கு. இரண்டு தலைமயிரை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கனம், அவ்வளவே! அகலமோ ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நன்றாகப் பொரித்த அப்பளத்தைக் கூட இதைவிடத் தைரியமாகத் தூக்கலாம். 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் சாப்பின், ஃபுல்லர், பியர்ஸன் மூவரும் நடைமுறைக்கு உதவும் முதல் சிலிக்கன் செல்லைச் செய்து காட்டியபோது, அது வெயிலில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் மின்சாரமாக்கியது. இந்தியாவில் ஸாஹிபாபாத்தில் உள்ள மத்திய அரசின் ஸென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் நம் நாட்டின் முதல் செல்லைச் செய்தது. இன்றைய செல்கள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேலே தருகின்றன. சிலிக்கன் செலவைக் குறைப்பதற்காகச் செல்லை மெலிய வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மெலிய மெலிய விரிசல் பயமும் கூடத்தானே செய்யும்!

செல்லைச் செய்வது ஒரு கலை. கோப்பது இன்னொரு கலை. வெள்ளீயமும் காரீயமும் பூசிய மெல்லிய செம்பு நாடாவை ஒரு செல்லின் முகத்தில் பற்ற வைத்து, அதன் மறு நுனியை அடுத்த செல்லின் முதுகில் பற்ற வைக்கிறார்கள். இப்படியே பத்துப் பன்னிரண்டு செல்கள் சேர்ந்தால் ஒரு சரம். பூச்சரம் தொடுக்கிற மாதிரிதான். ஆனால் நாரை இறுக்கினால் பூ நசுங்குவதைப் போல, இங்கே சூடு கொஞ்சம் ஏறினால் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். சூடு குறைந்தாலோ பற்று ஒட்டாது. இந்த வேலையைப் பெரும்பாலும் யந்திரம் செய்கிறது. யந்திரம் என்றால் தப்புச் செய்யாது என்று அர்த்தமில்லை. ஒரே தப்பை வேகமாகச் செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத கீறலை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை வருகிறது. வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மின்சாரம் கொடுப்பது செல்லின் தொழில் அல்லவா? அதையே இருட்டில் வைத்து, வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால், வாங்கியதைத் திருப்பித் தருகிற நாணயஸ்தன் போல அது வெளிச்சத்தைக் கொடுக்கிறது! நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு வெளிச்சம். அதற்கென்று உள்ள காமிராவுக்குத் தெரியும். 2005-ல் ஜப்பானில் நாரா விஞ்ஞானத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டகாஷி ஃபுயூகியும் அவருடைய சகாக்களும், இப்படிப் படம் பிடித்தே செல்லின் தரத்தை அறியலாம் என்று காட்டினார்கள். இன்று பெரிய பேனல் தொழிற்சாலைகளில் இது அன்றாடப் பரிசோதனை. நல்ல செல் படத்தில் பளிச்சென்று தெரியும். உடைந்து தனித்துப்போன மூலை கறுப்பாய்க் கிடக்கும். மெல்லிய கீறல், மார்கழிக் கோலத்தில் யாரோ கால் வைத்த கோடு மாதிரி ஓடும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்ப்பது போலத்தான்.

கறுப்பு தெரிந்தால் அந்தச் சரம் தனி மேஜைக்குப் போகிறது. வைத்திய மேஜை என்று சொல்லலாம். கீழே இளஞ்சூடான தட்டு. கையில் ஸால்டரிங் அயர்ன். கெட்ட செல்லின் இரு பக்கத்து நாடாக்களையும் சூடு காட்டி விடுவிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்குச் சூடு பரவக் கூடாது. நாடாவை இழுக்கவும் கூடாது. பிறகு புதுச் செல்லைப் பொருத்த வேண்டும். எந்தச் செல்லையாவது எடுத்து வைத்தால் போதாது. முதலிலேயே ஒவ்வொரு செல்லையும் அது தரும் மின்சாரத்தின் அளவு, நிறம் எல்லாம் பார்த்து ரகம் பிரித்திருப்பார்கள். அதே ரகத்தில்தான் எடுக்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்த்து மருமகள் தேடுகிற காரியம்! பலவீனமான செல் வந்தால் பழைய சங்கடமே திரும்பி வரும். மகா கெட்டிக்காரச் செல் வந்தாலும் பிரயோஜனமில்லை. மற்றவர்களின் வேகத்துக்கு மேல் அதனால் ஓட முடியாது.

வைத்தியம் முடிந்ததும் மறுபடி இருட்டறை, மறுபடி படம். சில சமயம் பழைய கீறலைத் தீர்க்கப் போய்ப் பக்கத்துச் செல்லில் புதுக் கீறல் விழுந்திருக்கும். இதனால், "கையால் பழுது பார்ப்பதே வேண்டாம், சரத்தையே ஒதுக்கிவிட்டு வேறு சரம் வைக்கலாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. கெட்ட செல்லைத் தானே கழற்றி மாற்றும் யந்திரங்களும் வந்துவிட்டன. நிதானமான கைக்கு நிகரில்லை என்பது என் கட்சி. ஆனால் கணக்குப் பிள்ளைகள் என்னோடு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு கெடு உண்டு. கண்ணாடி, அதன் மேல் ஒட்டுத் தாள், அதன் மேல் செல் சரங்கள், மறுபடி ஒட்டுத் தாள், பின்பக்கத்து உறை என்று அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, 150 டிகிரி சென்டிகிரேடுக்குக் கிட்டத்தட்டச் சூடு கொடுத்து அழுத்துவார்கள். ஒட்டுத் தாள் உருகி, செல்களைச் சுற்றி இறுகி, எல்லாம் ஒரே பாளமாகிவிடும். அதற்கப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? அந்த நிலையில் கோளாறு தெரிந்தால், பேனலைக் கழித்துப் போடுவார்கள். அல்லது இரண்டாந்தரம் என்று முத்திரை குத்திக் குறைந்த விலைக்கு விற்பார்கள். மூடிய பிறகும் ஒரு தரம் படம் எடுப்பது, தரம் பிரிப்பதற்குத்தான்.

நம் ராஜ்யத்திலேயே இப்போது இந்தத் தொழில் பெருகிவிட்டது. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் டாட்டா குழுமத்தின் தொழிற்சாலை 2024-ல் செல்களைச் செய்யத் தொடங்கியது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அப்பளத்தை விட நொறுங்கும் பொருளை வேறு யாரிடம் நம்பிக் கொடுப்பது? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்க ஃபர்ஸ்ட் ஸோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது வேறு ஜாதி. அங்கே தனித்தனிச் செல்லே கிடையாது. கண்ணாடியின் மேல் காட்மியம் டெல்லுரைடு என்ற பொருளை மெல்லிய பூச்சாகப் பூசி, லேஸர் கதிரால் கோடு கிழித்துச் செல்களாகப் பிரிக்கிறார்கள். ஆகையால் அங்கே கழற்றி மாற்றுகிற பேச்சே இல்லை.

இனி மறுபடி மலைப் பாதைக்கு வருவோம். தொழிற்சாலையில் எல்லாம் சரியாக இருந்து வெளியே வந்த பேனலும், வழியில் கீறல் விழாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லாரியின் குலுக்கல், கீழே போடுகிற போடு, கூரைமேல் ஏற்றும்போது மேலே மிதிக்கிற கால், எல்லாமே செல்லுக்குப் பகை. கண்ணாடி முழுசாக இருக்கும். உள்ளே செல் விண்டிருக்கும். சமவெளியில் என்றால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம். மலை மேல் ஒரு தினை வயல்காரர் 70 வளைவு இறங்கி வந்து, "விளக்கு மங்கலாக எரிகிறது" என்று யாரிடம் முறையிடுவார்? அவருடைய பேனலைத் திறந்து பார்க்க முடியாது. பார்த்தாலும் மாற்ற முடியாது. தொழிற்சாலை மேஜையில் கறுப்புக் கோட்டைக் கவனித்து மாற்றியவர் இருந்தாரா, "போகட்டும்" என்று விட்டவர் இருந்தாரா என்பதில்தான் அவர் வீட்டுப் பிள்ளைகளின் ராத்திரிப் படிப்பு இருக்கிறது.

நல்ல வேளையாகப் புதிய செல்களில் ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். முன்பு இரண்டு மூன்று அகல நாடாக்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்பது, பத்து, அதற்கும் மேல் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. செல் விண்டாலும் ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் அத்தனை நஷ்டமாகாது.

பட்டணத்துச் சகோதரிகளுக்கு இதில் என்ன என்கிறீர்களா? 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் பேனல் வைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். அதனால் மாடிக்கு மாடி பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது, "இருட்டறைப் படம் எடுத்துப் பார்த்த பேனல்தானா? முதல் தரம்தானா?" என்று கேளுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நாலு தரம் யோசியுங்கள். மாட்ட வருகிற ஆள் பேனல்மேல் ஏறி நின்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் இறங்கச் சொல்லுங்கள். உட்காரவும் விடாதீர்கள்.

நிழலும் கெட்ட செல்லைப் போலவே வேலை செய்யும். கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் ஒரு கிளை நிழல் போதும், பேனல் சோர்ந்துவிடும். நம் வீட்டில் அந்த வேலையைத் தண்ணீர்த் தொட்டியும், கொடியில் காயும் ஒன்பது கெஜம் புடவையும் செய்கின்றன. கொடியை வடக்குப் பக்கமாக மாற்றிக் கட்டுங்கள். தூசி படிந்தால் விடியற்காலையில், கண்ணாடி சுடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வெயில் நன்றாக விழுகிறதே, சரிவாக வழவழவென்றும் இருக்கிறதே என்று வடாம் மட்டும் அதன்மேல் பிழிந்துவிடாதீர்கள்!