பதினான்கு வயதும் உலகச் சட்டமும்

சிவகாசி வட்டாரத்தாருக்குத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அதன் வாசலில் நிற்கும் வயது வரம்பின் வரலாற்றையோ பலர் அறியார்.

1919-இல் வாஷிங்டன் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, 14 வயது நிரம்பாதோரைத் தொழிற்கூடங்களில் வைக்கலாகாது என உடன்படிக்கை வகுத்தது. அதே ஏட்டில் ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் தனி விலக்குகள் இருந்தன. இந்தியப் பிள்ளைக்கு 12 வயது போதுமாம். ஆலைகளைப் பொறுத்தவரை, அதுவும் இயந்திர விசையால் இயங்கிப் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் மட்டும். பின்னாளில் சிவகாசியில் கையால் குச்சி அடுக்கிய சிறு கொட்டகைகள் அவ்வரம்புக்குள் வரவில்லை. உலகிற்கெல்லாம் ஒரே விதி காண முனைந்தவர்களே நம் சிறார்க்கு ஈராண்டைக் குறைத்து அளந்தது எமக்கு இன்றும் உறுத்துகிறது.

1950-இல் நமது அரசியல் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அந்த ஈராண்டை மீட்டது. ஏட்டளவில் நாமும் பிற நாடுகளும் ஒன்றானோம். வழக்கம் மட்டும் மாறவில்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரைத் தடுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்வந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், உரிமையாளர் தம் குடும்பத்தாரைக் கொண்டே நடத்தும் பட்டறைக்கு விலக்களித்தன. சட்டம் ஆலைக் கதவைத் தட்டியபோது, பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது.

1986-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிச் சிறாருக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். முதலில் வந்த தீர்ப்பு, உற்பத்தி நடக்கும் இடத்திற்கு அப்பால் பெட்டி அடுக்கிக் கட்டும் வேலையைச் சிறுவருக்கு அனுமதித்தது! 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்போ வேறு வழி கண்டது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். இயலாவிடில் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். அத்தொகையின் வட்டி, பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வரை, குடும்பத்தைச் சேரும். தடை விதித்தால் அடுப்பு எரியாது என்ற உண்மையை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. வெளிநாட்டு ஏடுகளைப் படியெடுத்து எழுதிய தீர்ப்பன்று அது.

குறைந்தபட்ச வயது பற்றிய 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2017 ஜூன் 13-இல். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! அதற்கு முந்திய ஆண்டே நம் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அபாயத் தொழில்களுக்குக் குடும்ப வேலை என்னும் விலக்கு இப்போது இல்லை. மேலும், 14 முதல் 18 வயது வரையுள்ளோர் வெடிபொருள் தொழிலில் ஈடுபடலாகாது. “பதினான்கு முடிந்துவிட்டதே” என்று பத்தாம் வகுப்பு விடுமுறையில் பிள்ளையைப் பட்டாசு ஆலைக்கு அனுப்பும் பெற்றோர் இதனைக் கவனிக்க.